டயரின் கன்னம் வீங்கியபோது…

சென்ற இதழில் கேஸ் அடுப்பின் ரப்பர் குழாயைப் பற்றி எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? ‘ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள், பார்வைக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்’ என்று. அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார்.

“அக்கா, அடுப்புக் குழாய் சரி. எங்கள் காரில் இரண்டு மாதத்துக்குள் மூன்று பஞ்சர். ஒவ்வொரு தடவையும் ஒட்டிக்கொண்டேயிருக்கிறோம். ‘டயர் இன்னும் ஓடும்’ என்கிறார் இவர். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. எதுவரைக்கும் ஒட்டலாம், எப்போது மாற்ற வேண்டும்? இதெல்லாம் பெண்கள் கேட்கும் கேள்வியா என்று சிரிக்காதீர்கள்.”

சிரிப்பதா! நான் பட்டதைக் கேட்டால் நீங்கள்தான் சிரிக்கப்போகிறீர்கள். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கைக்கு ஏழாம் மாதம். திருநெல்வேலியில் வளைகாப்பு. இவருக்கு லீவு கிடைக்கவில்லை. “நீயே ஓட்டிக்கொண்டு போயேன், நாலுவழிச் சாலைதானே” என்றார். மதுரையிலிருந்து நானும், மாமியாரும், என் இரண்டு பெண்களும் விடிகாலையில் கிளம்பினோம். டிக்கியில் சீர்த்தட்டு, வளையல் பெட்டி, ஐந்து வகைச் சாதத்துக்கான தூக்குப் பாத்திரங்கள். சாத்தூரில் நிறுத்தி காராச்சேவு வாங்கினோம். சாத்தூர் வழியாகப் போய்விட்டு சேவு வாங்காமல் போனால் என் அத்தைக்குத் தாங்காது.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். வண்டி லேசாக இடது பக்கம் இழுத்தது. ஸ்டியரிங் கனத்தது. ரோடு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். பின்னாலிருந்து சின்னவள், “அம்மா, வண்டி டப டபன்னு சத்தம் போடுது” என்றாள். “சும்மா இருடி, சேவைத் தின்னு” என்றேன். முகூர்த்தத்துக்குள் போய்ச் சேர வேண்டுமே என்ற தவிப்பு. இன்னும் இரண்டு கிலோமீட்டர் அப்படியே ஓட்டினேன். அப்புறம்தான் நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். முன்பக்கத்து இடது டயர் சப்பட்டையாகத் தரையோடு படுத்திருந்தது!

கண்ணுக்கெட்டிய தூரத்தில், ஒரு கம்பத்தில் பழைய டயரை மாட்டிவைத்திருந்த பஞ்சர் கடை தெரிந்தது. அங்கேயே உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். கடைத் தம்பி சக்கரத்தைக் கழற்றக்கூட இல்லை. ஆணியைப் பிடுங்கினான், துளைக்குள் ஒரு ரப்பர் திரியை ஊசியால் குத்தி இழுத்தான், மிச்சத்தை பிளேடால் நறுக்கினான், காற்றடித்தான். பத்தே நிமிஷம். “அவ்வளவுதாங்க்கா. புது டயர் மாதிரி ஓடும்” என்றான். நூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன்.

எனக்கு ஒரே பெருமை. தனி ஆளாகச் சமாளித்துவிட்டேனே! வளைகாப்பு வீட்டில் வந்தவர்களிடமெல்லாம் இந்தப் பிரதாபத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். “நாலாயிரம் ரூபாய் டயரை நூற்றைம்பது ரூபாயில் மிச்சம் பிடித்தேன்” என்று வேறு சொன்னேன்.

மறுநாள் காலை திரும்பி வரக் கிளம்புகிறோம். எல்லாரும் ஏறியாயிற்று. அத்தை மட்டும் ஏறவில்லை. காரின் முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

“என்னத்தை, எலுமிச்சம்பழம் வைக்கணுமா?”

“அது இல்லத்தா. இங்க வந்து பாரு. இந்தச் சக்கரத்துக்குக் கன்னம் வீங்கியிருக்கு. பிள்ளைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வருமே, அது மாதிரி.”

போய்ப் பார்த்தேன். நேற்று ஒட்டிய அதே டயர். ஓட்டை போட்ட இடம் அடியில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பக்கவாட்டில், எழுத்தெல்லாம் அச்சடித்திருக்கும் இடத்தில், பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. விரலால் தொட்டுப் பார்த்தேன். என் நல்ல காலம், அத்தை பார்த்தார். இல்லாவிட்டால் இரண்டு பெண்களையும் பின்னால் வைத்துக்கொண்டு அந்தப் புடைப்போடு நாலுவழிச் சாலையில் எண்பதில் போயிருப்பேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் கை சில்லிடுகிறது.

தங்கை வீட்டுக்காரர் ஸ்டெப்னியை மாற்றிப் போட்டு, ஊருக்குள் இருந்த ஒரு பெரிய டயர் கடைக்கு எங்களை அழைத்துப்போனார். கடைக்காரர் நடுத்தர வயசுக்காரர். டயரைப் பார்த்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “காத்து இல்லாம எவ்வளவு தூரம் ஓட்டுனிய?”

“இரண்டு கிலோமீட்டர் இருக்கும்” என்றேன் மெல்லிய குரலில்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மிஷினில் போட்டு டயரை ரிம்மிலிருந்து பிரித்தார். தலைகீழாகத் தட்டினார். உள்ளேயிருந்து கறுப்புத் தூள் கொட்டியது. கடுகைச் சட்டியில் தீயவிட்டுவிட்டால் எப்படி இருக்கும், அப்படி! கையை விட்டு உட்புறத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். வழுவழுப்பாக இருக்க வேண்டிய ரப்பர், சுற்றுவட்டம் முழுவதும் சொரசொரவென்று தேய்ந்து, ஓரிடத்தில் நூல் பிரிந்து நின்றது.

“ஆணி செஞ்சது சின்னத் தப்பும்மா. அத ஒட்டியிருக்கலாம். ஆனா இந்தத் தூள் இருக்கு பாருங்க, இது ஆணி செஞ்சதில்ல, காத்தில்லாம ஓட்டுனதால வந்தது. அந்தக் கடைல டயர கழத்தி உள்ள பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். இத யாரும் ஒட்டக் கூடாது.”

ஏன் அப்படி என்று கேட்டேன். அவர் சொன்னதையும், பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

காரின் பாரத்தைத் தாங்குவது ரப்பர் என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. பெல்ஃபாஸ்ட் நகரத்தில் டன்லப் என்ற கால்நடை வைத்தியர், தன் சின்ன மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடுவதற்காகத்தான் காற்றடைத்த டயரைச் செய்தார். நம் சென்னை திருவொற்றியூரில் 1946-ல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய சின்னக் கொட்டகைதான் பிற்பாடு எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனியாக வளர்ந்தது. பலூனிலிருந்து டயர்! யோசித்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. இரண்டிலும் வேலை செய்வது காற்றுதானே.

அந்தக் காற்று இறங்கிவிட்டால், காரின் முழுப் பாரமும் டயரின் கன்னத்தில் இறங்குகிறது. ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் அது மடங்கி நசுங்குகிறது. சின்னக் காரின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 500 தடவைக்கு மேல் சுற்றும். அப்படியானால் நான் ஓட்டிய இரண்டு கிலோமீட்டரில் அந்தக் கன்னம் 1000 தடவைக்கு மேல் மடங்கி நிமிர்ந்திருக்கிறது! உள்ளே சூடேறி, ரப்பர் உராய்ந்து தூளாகி, அதற்குள் ஓடும் பலமான நூல்கள் அறுந்துபோகின்றன. நூல் அறுந்த இடத்தில் காற்று வெளியே தள்ளும். அதுதான் நான் பார்த்த புடைப்பு. மெல்லிய ரப்பர் மட்டும் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எந்த நிமிஷமும் வெடிக்கலாம்.

நான் மலைத்துப்போய் நின்றேன். அத்தைக்கு மட்டும் இது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. அவர் நாற்பது வருஷம் தையல் மிஷின் மிதித்தவர். “இதென்னத்தா, ஜாக்கெட்டு சமாச்சாரம்தான். முதுகுல கிழிஞ்சா ஒட்டுத் தைக்கலாம், நிக்கும். அக்குள்ல கிழிஞ்சா நிக்குமா? கையத் தூக்குறப்பெல்லாம் இழுக்குமே” என்றார்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். “ஆச்சி சொல்லுததுதான் சரி. அடிப்பக்கம் முதுகு. கன்னம் அக்குள்” என்றார்.

சகோதரிகளே, டயர் பாடம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது. ஓட்டை பெரிசா சின்னதா என்பதை மட்டும் பார்த்தால் போதாது. அது எந்த இடத்தில் இருக்கிறது, காற்றில்லாமல் எவ்வளவு தூரம் ஓடியது என்பதைப் பார்க்க வேண்டும். இனி யாராவது “ஒட்டிடலாம்” என்றாலும், “மாத்தியே ஆகணும்” என்றாலும், நீங்கள் ஐந்து கேள்வி கேளுங்கள்.

முதலாவது, ஓட்டை எங்கே? தரையைத் தொட்டு உருளும் அடிப்பகுதியின் நடுவில் என்றால் ஒட்டலாம். அடிப்பகுதி வளைந்து கன்னத்தோடு சேரும் தோள்பட்டையிலோ, கன்னத்திலோ என்றால் கூடாது. குண்டூசித் துளையானாலும் சரி, கூடாது.

இரண்டாவது, எவ்வளவு பெரிசு? கார் டயருக்கு 6 மில்லிமீட்டர்தான் எல்லை. சாதாரண ஆணி, திருகாணி எல்லாம் இதற்குள் வந்துவிடும். கம்பியோ கண்ணாடியோ கீறிக் கிழித்திருந்தால் வராது.

மூன்றாவது, காற்றில்லாமல் ஓடியதா? ஓடியிருந்தால் டயரைக் கழற்றி உட்புறத்தைப் பார்க்காமல் ஒட்டக் கூடாது. கறுப்புத் தூள், உள்ளே வட்டமாகத் தேய்ந்த கோடு, நூல் பிரிதல், வெளியே புடைப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த டயரின் ஆயுசு முடிந்தது.

நான்காவது, முன்பு போட்ட ஒட்டு எங்கே இருக்கிறது? புது ஒட்டு, பழைய ஒட்டின்மேல் ஏறவோ உரசவோ கூடாது. பக்கத்தில் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் அந்த இடமே பலவீனப்பட்டிருக்கும்.

ஐந்தாவது, பட்டன் எவ்வளவு மிச்சம், வயசு என்ன? டயரின் கோடுகளுக்கு நடுவே பள்ளத்தில், அங்கங்கே குறுக்காகச் சின்ன மேடு இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால், சட்டப்படியே அது மொட்டை டயர். மொட்டையாகப் போகும் டயருக்குப் பஞ்சர் போடுவது, நைந்த துணியில் ஜரிகை வைத்துத் தைக்கிற மாதிரி. மழையில் அது ரோட்டைப் பிடிக்காது. ஆணி சுலபமாக ஏறும்.

வயசை எப்படிப் பார்ப்பது என்கிறீர்களா? மாத்திரை அட்டையில் தேதி பார்க்கிற நமக்கு இது பிரமாதமா என்ன! டயரின் கன்னத்தில் டி.ஓ.டி. என்று ஆரம்பிக்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நாலு எண் இருக்கும். 2319 என்று இருந்தால், 2019-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்தது. ஒரு பக்கம் இந்த எண் இல்லாவிட்டால் மறுபக்கக் கன்னத்தில் பாருங்கள். ரப்பர் சும்மா கிடந்தாலும் கிழடு தட்டும். குக்கர் காஸ்கெட் பார்க்கவில்லையா? ஐந்து வருஷத்துக்கு மேலான டயரை வருஷா வருஷம் விஷயம் தெரிந்தவரிடம் காட்டச் சொல்கிறார்கள். பத்து வருஷம் ஆகிவிட்டால் பட்டன் பாக்கியிருந்தாலும் மாற்றிவிடச் சொல்கிறார்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, “அப்படியானால் பஞ்சர் என்றாலே மாற்றிவிடுவதுதான் நல்லதோ?” என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும் தப்பு. இந்தக் கதையின் இரண்டாம் பாகம் எங்கள் வீட்டு வாசலிலேயே நடந்தது.

நெல்லையில் சூடுபட்டதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் நாலு டயரையும் சுற்றிவந்து பார்ப்பது என் வழக்கம். மூன்று மாதம் கழித்து, பின்பக்கத்து டயரின் நடு முதுகில் ஒரு ஆணித்தலை பளபளவென்று தெரிந்தது. காற்று அதிகம் குறையவில்லை. இவருக்கோ முந்தைய கதையைக் கேட்டதிலிருந்து டயர் என்றாலே பயம். “பட்டது போதும். உடனே புது டயர் போட்டுடலாம்” என்று செக் புத்தகத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

“கொஞ்சம் பொறுங்கள்” என்றேன். ஐந்து கேள்வியையும் விரல்விட்டு எண்ணினேன். இடம் நடுவில். ஆணி சின்னது. காற்றில்லாமல் ஒரு அடிகூட ஓடவில்லை. பழைய ஒட்டு எதுவும் இல்லை. பட்டன் முக்கால்வாசி இருக்கிறது, வயசு இரண்டு வருஷம். பிறகு எதற்கு நாலாயிரம் ரூபாய்? சின்னவளுக்கு டெர்ம் பீஸ் கட்ட வேண்டாமா!

ஆணியைப் பிடுங்கவில்லை. இதை நன்றாக நினைவில் வையுங்கள். வீட்டில் வைத்து ஆணியைப் பிடுங்கினால் நின்ற இடத்திலேயே காற்று போய்விடும். ஆணியே அடைப்பாகவும் இருக்கிறது. காற்றை நிரப்பிக்கொண்டு மெதுவாகப் பக்கத்துக் கடைக்குப் போனோம். “கழற்றி, உள்ளே பார்த்து, மஷ்ரூம் பஞ்சர் போடுங்கள்” என்றேன். கடைக்காரர் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சரிங்கம்மா” என்றார். சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. அந்த டயர் இன்றுவரை எங்களைச் சுமந்துகொண்டிருக்கிறது.

மஷ்ரூம் பஞ்சர் என்றால் என்ன என்று கேட்பீர்கள். நம் அப்பாக்கள் காலத்து ஸ்கூட்டரில் டயருக்குள் ட்யூப் தனியாக இருக்கும். ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாள் தேய்த்து ஒட்டுவார்கள். இப்போதைய கார்களில் ட்யூப் கிடையாது. டயரேதான் காற்றைப் பிடிக்கிறது. அதனால் இரண்டு வேலை ஆக வேண்டும். ஓட்டை வழியை அடைக்க வேண்டும், உட்புறப் பூச்சையும் மூட வேண்டும். காளான் மாதிரி தண்டும் குடையும் உள்ள ரப்பர் துண்டு இரண்டையும் செய்கிறது. தண்டு ஓட்டையை அடைக்கும், குடை உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு முதல் கடையில் போட்ட திரி, வழியை மட்டும்தான் அடைக்கும். அதைவிட, டயரைக் கழற்றாமல் போடுவதால் உள்ளே என்ன சேதம் என்றே தெரியாமல் போகிறது. இன்னொன்றும் உண்டு. கார் டயரின் அடிப்பகுதிக்குள் எஃகுக் கம்பி வலை இருக்கிறது. அடைப்பு சரியில்லாவிட்டால் மழைத்தண்ணீர் அந்த வழியாக இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். அதனால்தான் அமெரிக்க டயர் உற்பத்தியாளர் சங்கம், திரி மட்டும் போடுவதையோ, உள்ஒட்டு மட்டும் போடுவதையோ முறையான ரிப்பேர் என்று ஏற்பதில்லை. நடுவழியில், ராத்திரி வேளையில், திரிதான் கிடைக்கிறது என்றால் போட்டுக்கொள்ளுங்கள், குற்றமில்லை. அதோடு மெதுவாக ஊர் வந்து சேர்ந்து, மறுநாளே கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். குப்பியில் அடைத்து விற்கும் நுரையும் அப்படித்தான். அது தற்காலிகம். நுரை அடித்திருப்பதைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காற்று இறங்குவதெல்லாம் பஞ்சரும் இல்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால், காற்றடிக்கும் வால்வின் மேல் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் வால்வுதான் கோளாறு. சிலிண்டர் வாயில் நாம் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்ப்பதில்லையா, அதே வித்தைதான். வால்வை மாற்ற அதிகம் செலவாகாது. இது தெரியாமல் டயரையே மாற்றியவர்கள் உண்டு.

சரி, ஐந்து கேள்வியில் ஒன்று தோற்றுவிட்டது, மாற்றத்தான் வேண்டும். அப்போது ஒன்றா, இரண்டா? முன்பக்கம் இரண்டும், பின்பக்கம் இரண்டும் ஜோடி ஜோடியாக ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஜோடி டயர் புதிது என்றால் அதே அளவில், அதே ரகத்தில் ஒன்று வாங்கினால் போதும். ஜோடியும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் இரண்டாகவே வாங்குங்கள். புது ஜோடியைப் பின்பக்கம் போடுவது நல்லது. ஈர ரோட்டில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டியைக் கட்டுக்குள் கொண்டுவருவது கடினம். வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் அந்த நாலு எண்ணையும் பார்த்து வாங்குங்கள். கழற்றிய டயரைக் கடையிலேயே கன்னத்தில் அறுத்துப்போடச் சொல்லுங்கள். அதை வேறு யாராவது வாங்கி ஓட்டி, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆபத்து வர வேண்டாம்.

இவ்வளவுக்கும் மேல் ஒன்று உண்டு. வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, ஸ்டியரிங் கனக்கிறதா, டப டப என்கிறதா… உடனே நிறுத்துங்கள். திடீரென்று பிரேக்கை அழுத்தாமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, ஓரமாக. குழந்தைகளை ரோட்டுப் பக்கம் இறங்க விடாமல், மறுபக்கமாக இறக்கித் தள்ளி நிற்க வையுங்கள். ஸ்டெப்னி மாற்றத் தெரியாவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் உதவி கேட்கலாம். எனக்கு இது அன்று தெரியாது. தெரிந்திருந்தால், அந்த இரண்டு கிலோமீட்டரை ஓட்டாமல் இருந்திருந்தால், நூற்றைம்பது ரூபாய் வேலையே சில நூறு ரூபாய் மஷ்ரூமாக முடிந்திருக்கும். டயர் பிழைத்திருக்கும். மிச்சம் பிடித்தேன் என்று நான் பெருமையடித்த நாலாயிரமும், மேற்கொண்டு என் மானமும் போயிற்று!

ஸ்டெப்னி என்றதும் ஞாபகம் வருகிறது. வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று. 1904-ல் அங்கேதான் உபரிச் சக்கரம் செய்ய ஆரம்பித்தார்கள். தெருப் பெயரே சக்கரத்துக்கு வந்துவிட்டது. இப்போது வரும் சில கார்களில் ஸ்டெப்னியே கிடையாது. காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் போடும் சாதனமும் இருந்தால் அது கட்டாயமில்லை என்று 2020-ல் விதியைத் திருத்திவிட்டார்கள். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று இன்றே டிக்கியைத் திறந்து பாருங்கள். ஸ்டெப்னி இருந்தால் அதிலும் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். ஆபத்துக்கு உதவாத பிள்ளை மாதிரி காற்றில்லாமல் கிடந்தால் என்ன பிரயோசனம்? மாதம் ஒரு தடவை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால் எல்லாச் சக்கரத்திலும் காற்றைச் சோதியுங்கள். எவ்வளவு வேண்டும் என்பது டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு வார்த்தை. மூன்று பஞ்சரும் ஒரே டயரிலா, வெவ்வேறு டயரிலா என்று முதலில் பாருங்கள். வெவ்வேறு டயரில், நடு முதுகில், பட்டன் நன்றாக இருந்தால் அது ரோட்டின் குற்றம், பயப்படாதீர்கள். ஒரே டயரில் என்றால், கழற்றி உட்புறத்தை நீங்களே கண்ணால் பாருங்கள். ஒட்டுகள் நெருக்கமாக இருந்தாலோ, பட்டன் போயிருந்தாலோ, தூள் கொட்டினாலோ, “இன்னும் ஓடும்” என்பவரிடம் அந்தத் தூளை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நூறு வார்த்தை சொல்ல வேண்டாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் காட்டினேன். இவர் மறுபேச்சுப் பேசவில்லை. இன்னொன்று, கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். குழந்தைக்கென்று உள்ள சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வையுங்கள்.

போன வாரம் தங்கையின் குழந்தையைப் பார்க்க மறுபடி நெல்லைக்குப் போனோம். பேத்தி பிறந்த மாதிரி அத்தைக்கு அத்தனை சந்தோஷம். கிளம்புமுன் வழக்கம்போல் நான் காரைச் சுற்றி வந்தேன். நாலாவது சக்கரத்தருகே ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்து தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள்!

“கன்னம் வீங்கலம்மா, போலாம்” என்றாள்.

சாத்தூரில் அவளுக்கு மட்டும் ஒரு பொட்டலம் சேவு கூடுதலாக வாங்கிக் கொடுத்தேன்.